பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குக் கட்டுப்படியான போர்ட்ரெய்ட் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ் மாற்றக்கூடிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (லென்ஸின் வழியே பார்க்காமல், தனிச் சாளரத்தின் வழியே பார்த்துத் தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் கேமரா) கொஞ்ச காலம் 50 மி.மீ. லென்ஸோடு பழகியவர்கள், முகங்களை எடுப்பதற்கென்றே இன்னொரு லென்ஸைத் தேடத் தொடங்குகிறார்கள். அப்போது எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன். 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன்.

கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் முகம் எடுக்கப் போதாதா? எதற்காக இன்னொன்று வாங்க வேண்டும்?

பல நேரங்களில் போதும். இடுப்பளவு படம், ஒருவர் தம் மேசையருகே அமர்ந்திருக்கும் படம், இருவர் சேர்ந்து நிற்கும் படம் ஆகியவற்றுக்கு 50 மி.மீ. லென்ஸே இயல்பானது. முகமும் தோளும் மட்டும் சட்டகத்தை நிறைக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அதற்காக 50 மி.மீ. லென்ஸோடு ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்துக்குச் செல்ல நேர்கிறது. அந்த நெருக்கத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் பதிவாகும்.

முகத்தின் அளவுகளை மாற்றுவது லென்ஸ் அல்ல, கேமராவுக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான். ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை விலகி நின்றால் முகம் நமக்குப் பழகிய தோற்றத்தில் அமைகிறது. அங்கிருந்தே முகத்தைச் சட்டகத்தில் நிறைக்க உதவுவதற்காகத்தான் 85, 90, 100 மி.மீ. லென்ஸ்களை நாடுகிறோம். எடுத்துக்காட்டாக, 90 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மீட்டரில் ஏறத்தாழ 57 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்ட பரப்பைக் காட்டும். தலைக்கும் தோளுக்கும் அது சரியான அளவு.

என் கேமராவில் லென்ஸைக் கழற்றவே முடியவில்லை. அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

யாஷிக்கா எலக்ட்ரோ 35, கேனன் கேனனெட் போன்றவற்றில் லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டது. அதைக் கழற்றக் கூடாது. லென்ஸின் முன்னால் மாட்டும் டெலி இணைப்புகள் கிடைக்கின்றன. ஆனால் அவை குவியத் தொலைவை (லென்ஸின்மேல் குறிக்கப்படும் மி.மீ. அளவை) சிறிதளவே கூட்டுகின்றன, தெளிவையும் குறைக்கின்றன. அப்படிப்பட்ட கேமராவில் ஒன்றேகால் மீட்டர் தள்ளி நின்று இடுப்பளவு படம் எடுத்து, அச்சிடும்போது தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது மேல்.

திருகு மவுண்ட், எம் மவுண்ட் என்கிறார்கள். என் கேமராவுக்கு எது பொருந்தும்?

மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அமைப்பு. பழைய ரேஞ்ச்ஃபைண்டர்களில் பெரிய குடும்பம் 39 மி.மீ. விட்டமுள்ள லைக்கா திருகு மவுண்ட். 1930களில் தொடங்கிய லைக்காக்கள், கேனன் பி, கேனன் 7, சோவியத் ஒன்றியத்தின் ஃபெட், ஸோர்க்கி எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது குடும்பம் 1954இல் லைக்கா எம்3 கேமராவோடு வந்த எம் பயோனெட் (திருகாமல், பொருத்திச் சற்றே திருப்பிப் பூட்டும் அமைப்பு). மூன்றாவது, கான்டாக்ஸ் மவுண்ட். கீவ் கேமராக்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன.

திருகு லென்ஸை எம் மவுண்ட் கேமராவில் மெல்லிய அடாப்டர் வளையத்தின் உதவியோடு முழுமையாகப் பயன்படுத்தலாம். மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் திருகு மவுண்டில் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. இடையிலுள்ள ஒரு மில்லிமீட்டரை அந்த வளையம் நிரப்புவதால் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பும் சரியாகவே இயங்கும். எம் மவுண்ட் லென்ஸைத் திருகு மவுண்ட் கேமராவில் மாட்ட வழியில்லை. ஆகவே இரண்டு வகைக் கேமராவும் வைத்திருப்பவர், அல்லது பின்னாளில் எம் கேமராவுக்கு மாறும் எண்ணமுள்ளவர், திருகு லென்ஸையே வாங்குவது நல்லது. விலையும் பெரும்பாலும் அதற்கே குறைவு.

85, 90, 100, 135 என்று இத்தனை இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் கேமராவின் வியூஃபைண்டரைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். அதில் எந்தக் குவியத் தொலைவுக்குச் சட்டகக் கோடுகள் (படத்தில் விழும் பரப்பின் எல்லையைக் காட்டும் கோடுகள்) இருக்கின்றனவோ, அந்த லென்ஸே முதல் தேர்வாக இருக்கட்டும். லைக்கா எம்3இல் 50, 90, 135 ஆகியவற்றுக்கும், எம்2இல் 35, 50, 90 ஆகியவற்றுக்கும் கோடுகள் உண்டு. கேனன் பி 35, 50, 100 மி.மீ. கோடுகளைக் காட்டுகிறது. கேனன் 7இல் 35, 50, 135 ஆகியவற்றோடு 85, 100 இரண்டுக்குமான கோடுகள் ஒன்றாகத் தோன்றும். லைக்கா 3ஜி கேமராவில் 50, 90 மி.மீ. கோடுகள் இருக்கின்றன.

85க்கும் 100க்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் கண்டுபிடிப்பது கடினம். ஓரடியளவு முன்னோ பின்னோ நகர்ந்தால் அது ஈடாகிவிடும். 135 வேறு வகை. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டரில் நீண்ட லென்ஸ் ஃபோகஸ் ஆவது கடினம் என்கிறார்களே, ஏன்?

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தையே நாம் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படியில்லை. இரண்டு சிறு சாளரங்களின் வழியே வரும் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது கிடைக்கும் கோணத்தைக் கொண்டு கேமரா தூரத்தை அளக்கிறது. லென்ஸின் பின்புறத்திலுள்ள வளையம் கேமராவுக்குள் இருக்கும் சிறு நெம்புகோலைத் தள்ளுகிறது. அந்த நெம்புகோல் 50 மி.மீ. லென்ஸின் நகர்வுக்கேற்ப அமைக்கப்பட்டது. 90 மி.மீ. லென்ஸ் அதே தூரத்துக்கு அதிகமாக நகர வேண்டியிருப்பதால், அந்த நகர்வை 50 மி.மீ. லென்ஸின் நகர்வாக மாற்றிக் காட்டும் பொறியமைப்பு லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதில் நேரும் சிறு பிழையும் படத்தில் தெரியும்.

கேமராவின் பங்கும் உண்டு. இரு சாளரங்களுக்கு இடையிலுள்ள அடித்தளத் தொலைவை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால், அந்தக் கேமரா எவ்வளவு நுட்பமாக அளக்கும் என்பது தெரியும். எம்3இல் அது ஏறத்தாழ 62 மி.மீ., எம்2இலும் எம்4இலும் 49. லைக்கா 3 வரிசையில் அடித்தளம் 39 மி.மீ.தான் என்றாலும், ரேஞ்ச்ஃபைண்டர் துளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதால் 58 வரை செல்கிறது. கேனன் பியில் 41. 1973இல் வந்த லைக்கா சி.எல். கேமராவில் அது 19 மி.மீ. மட்டுமே. அதனோடு விற்கப்பட்ட 90 மி.மீ. லென்ஸின் பெருந்துளை (ஒளி நுழையும் துளையின் மிகப் பெரிய அளவு) எஃப்/4 ஆக இருந்தது தற்செயல் அல்ல. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. உங்கள் கேமராவால் நம்பிக்கையோடு ஃபோகஸ் செய்ய முடியாத பெருந்துளைக்காகப் பணம் கொடுப்பது வீண்செலவு. கட்டுப்படியான லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் நான் முதன்மையாகக் கருதுவது இதுதான்.

அப்படியானால் எஃப்/4 போதுமா? பின்னணி மங்கலாக வருமா?

வரும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 90 மி.மீ. எஃப்/4 லென்ஸின் புலத்தெளிவு ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாகப் பதியும் பகுதி, ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். கண்ணிமை தெளிவாக இருக்கும்போது காதுக்குப் பின்னால் எல்லாமே மெதுவாகக் கரையத் தொடங்கிவிடும். அதே தூரத்தில் 85 மி.மீ. எஃப்/2 லென்ஸின் ஆழம் நான்கு சென்டிமீட்டரை எட்டாது. பேசிக்கொண்டிருப்பவர் தலையை லேசாக அசைத்தாலே அந்த ஆழத்தைக் கடந்துவிடுவார்.

பின்னணி மங்குவதற்குத் துளையைப் போலவே பின்னணியின் தூரமும் முக்கியம். சுவரை ஒட்டி அமர்ந்திருப்பவரை நான்கு மீட்டர் முன்னால் வரச் சொன்னால், எஃப்/4 லென்ஸும் சுவரை மென்மையான ஒரே நிறமாக்கிவிடும். வெளிச்சம் குறைந்த அறைகளில் மட்டுமே எஃப்/4 உண்மையில் தடையாகிறது. அங்கே ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமும் ஜன்னலோரமும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

சரி, பெயர் சொல்லுங்கள். விலை குறைவான எந்த லென்ஸை வாங்கலாம்?

எனது முதல் பரிந்துரை லைக்கா கேமராக்களைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் எல்மார் 90 மி.மீ. எஃப்/4. 1930களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் பெருமளவில் உற்பத்தியானதால், லைக்கா பெயர் தாங்கிய லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள் மட்டுமே கொண்ட எளிய வடிவம் என்பதால், பழுது பார்ப்பவர்களால் எளிதில் திறந்து சுத்தம் செய்ய முடியும். முகத்தின் தோலைக் கடுமையாகக் காட்டாத, அதே நேரம் இமை முடிகளைத் தெளிவாகக் காட்டும் மென்மையான முரண் (கான்ட்ராஸ்ட், ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) இதன் இயல்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய, எதிரொளிப்பைக் குறைக்கும் கண்ணாடிப் பூச்சுள்ள லென்ஸைத் தேடுங்கள். பழைய திருகு மவுண்ட் எல்மாரில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி முழுவதும் சுழல்வதால் துளையின் எண்களும் சேர்ந்து நகர்ந்துவிடும். துளையை முதலில் அமைத்துவிட்டு, பிறகு ஃபோகஸ் செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கேனன் 100 மி.மீ. எஃப்/3.5. மிகச் சிறியது, எடை குறைந்தது, பொறியமைப்பு துல்லியமானது. கேனன் பி அல்லது 7 வைத்திருப்பவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பேன். ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல் நிறுவனம் செய்த குல்மினார் 85 மி.மீ. எஃப்/2.8 அவ்வளவாகக் கவனிக்கப்படாத நல்ல லென்ஸ். உள்ளே பனிமூட்டம் படிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். எஃப்/2 கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குக் கட்டுப்படியான வழி ஜுபிட்டர்-9.

கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால், கோசினா நிறுவனம் ஃபோய்க்ட்லாண்டர் பெயரில் திருகு மவுண்டில் வெளியிட்ட 75 மி.மீ. எஃப்/2.5 ஹீலியாரும், 90 மி.மீ. எஃப்/3.5 அப்போ-லாந்தாரும் இருக்கின்றன. இவை பழைய லென்ஸ்கள் அல்ல. பூஞ்சை, பனிமூட்டம் பற்றிய கவலை மிகக் குறைவு. ஆனால் படத்தின் தன்மையும் தற்காலத்துக்குரியது, கூர்மையானது. பழைய கேமராவில் பழைய தோற்றத்தை நாடுபவருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

ஜுபிட்டர்-9ஐ ஒருவர் வானளாவப் புகழ்கிறார், இன்னொருவர் வாங்கவே வாங்காதே என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம், ஏனெனில் அவர்கள் பயன்படுத்தியது ஒரே தரத்தில் இருந்த லென்ஸ்களை அல்ல. ஜுபிட்டர்-9 என்பது ட்ஸைஸ் நிறுவனத்தின் 85 மி.மீ. எஃப்/2 சோனாரை அடியொற்றியது. போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்குச் சென்ற வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று. லுட்விக் பெர்ட்டெலே வகுத்த சோனார் வடிவத்தில் ஏழு கண்ணாடிகளும் மூன்றே தொகுதிகளாக ஒட்டப்பட்டிருப்பதால், காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு மட்டுமே. கண்ணாடிப் பூச்சு இல்லாத காலத்தில் முரணைக் காப்பாற்ற இது பேருதவியாக இருந்தது. பதினைந்து தகடுகள் கொண்ட துளை எல்லா அளவுகளிலும் வட்டமாகவே இருக்கிறது. முழுத்துளையில் எடுத்த முகத்தில் ஒளிப்பகுதிகளைச் சுற்றி மெல்லிய ஒளிர்வு படரும். எஃப்/4இல் அது மறைந்து படம் இறுகிவிடும். ஒரே லென்ஸில் கிடைக்கும் இந்த இரண்டு முகங்களுக்காகவே அதை விரும்புகிறவர்கள் பலர்.

குறை பொறியமைப்பில்தான். பல தொழிற்சாலைகளில், பல பத்தாண்டுகளில் உற்பத்தியானதால் ஒன்றுக்கொன்று வேறுபாடு அதிகம். உள்ளிருக்கும் மசகு காலப்போக்கில் இறுகிவிடுகிறது. அதை மாற்றத் திறந்தவர்களில் சிலர், ஃபோகஸ் திருகுகளைத் தவறான தொடக்கப் புள்ளியில் மாட்டி மூடிவிடுகிறார்கள். ஃபோகஸைச் சரிசெய்ய வைத்திருந்த மெல்லிய உலோக வளையங்கள் தொலைந்துபோவதும் உண்டு. ஆகவே ஜுபிட்டர்-9 வாங்குபவர், திருப்பித் தரும் உரிமையோடு வாங்க வேண்டும் அல்லது சரிசெய்யும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிச் சரிசெய்யப்பட்ட நல்ல ஜுபிட்டர்-9, அதன் விலைக்கு நிகரற்ற முகப்பட லென்ஸ்.

இன்னொன்று: பெரும்பாலான சோவியத் லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் உற்பத்தி ஆண்டைக் குறிக்கும். 58 என்று தொடங்கினால் 1958.

39 மி.மீ. திருகு லென்ஸ் மலிவாகக் கிடைத்தது. கேமராவில் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் எதுவுமே தெளிவாக வரவில்லை. ஏன்?

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ஸெனிட் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான லென்ஸாக இருக்கும். பழைய ஸெனிட்களும் அதே 39 மி.மீ. திருகையே பயன்படுத்தின. ஆனால் பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் ஆடிக்கு இடம் தேவைப்பட்டதால், மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் அவற்றில் 45.2 மி.மீ. அந்த லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டரில் மாட்டினால் ஃபிலிமுக்கு 16 மி.மீ.க்கு மேல் நெருங்கிவிடுவதால் எந்தத் தூரத்திலும் ஃபோகஸ் கிடைக்காது. ஜுபிட்டர்-9 இந்த வடிவிலும் வந்திருப்பதால் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். ஃபிலிமை அச்சிடும் என்லார்ஜர் லென்ஸ்கள் பலவும் இதே 39 மி.மீ. திருகு கொண்டவை. அவற்றில் ஃபோகஸ் வளையமே இருக்காது.

கண்டுபிடிப்பது எளிது. லென்ஸின் பின்புறப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில், திருகுக்கு உட்புறத்தில், ஃபோகஸைத் திருப்பும்போது முன்னும் பின்னும் நகரும் மழமழப்பான பித்தளை அல்லது அலுமினிய வளையம் ஒன்று இருக்கும். சிலவற்றில் வளையத்துக்குப் பதிலாகச் சிறு நாக்கு இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அது உங்கள் கேமராவுக்கானது அல்ல.

நான் வைத்திருப்பது கீவ். நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களும் அதில் மாட்டும் என்கிறார்களே?

மாட்டும், ஆனால் முகப்படத்துக்கு அது உதவாது. நிக்கான் எஸ் வரிசையின் மவுண்ட் கான்டாக்ஸ் மவுண்டைப் போலவே தோற்றமளித்தாலும், ரேஞ்ச்ஃபைண்டர் கணக்கு வேறு. கான்டாக்ஸ் தன் அடிப்படை லென்ஸை 52.4 மி.மீ. என்று கொள்கிறது, நிக்கான் 51.6 மி.மீ. என்று கொள்கிறது. அகலக் கோண லென்ஸ்களில் இந்த வேறுபாட்டைப் புலத்தெளிவு ஆழம் மூடிவிடும். 85 மி.மீ. லென்ஸை முழுத்துளையில் அருகே பயன்படுத்தினால் மூடாது.

கீவுக்கு ஏற்றது கீவ் மவுண்டிலேயே வந்த ஜுபிட்டர்-9. முன் கேள்வியொன்றில் சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும் என்றாலும், கீவின் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம் கான்டாக்ஸ் 2இல் உள்ளது போலவே 90 மி.மீ. நீளமுள்ளது. எஃப்/2இல் துணிந்து ஃபோகஸ் செய்யத்தக்க மலிவான கேமரா வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

வாங்குவதற்கு முன் லென்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு சிறு டார்ச் விளக்கு போதும். துளையை முழுமையாகத் திறந்து, லென்ஸின் ஒரு முனையில் விளக்கை வைத்து, மறுமுனையிலிருந்து நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நேரே பார்க்கும்போது பளிங்காகத் தோன்றும் கண்ணாடி, சாய்வான ஒளியில் பால் கலந்த நீர்போல வெளிறித் தெரிந்தால் அது பனிமூட்டம். சிலந்தி வலையைப் போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறத் திட்டுகள் தெரிந்தால், ஒட்டப்பட்ட கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன.

இவற்றுள் பனிமூட்டமே படத்தை அதிகம் கெடுக்கும். ஆனால் அது துடைத்து நீக்கக்கூடியதாக இருந்தால், விலை குறைந்த எல்மார் போன்ற எளிய லென்ஸில் அதைத் துணிந்து ஏற்கலாம். கண்ணாடியையே அரித்துவிட்ட பனிமூட்டமும் உண்டு, அது நீங்காது. லைக்காவின் மெல்லிய 90 மி.மீ. எஃப்/2.8 டெலி-எல்மாரிட் இந்தச் சிக்கலுக்குப் பெயர்பெற்றது. அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கண்ணாடிகள் பிரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். மீண்டும் ஒட்டும் செலவு லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். உள்ளே நாலைந்து தூசிகள், முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல்கள் இருப்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். எதிரொளி படும்போது முரணைச் சற்றுக் குறைப்பதைத் தவிர அவை பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஹூட் போட்டால் அதிலும் பாதி சரியாகும். துளைத் தகடுகளில் எண்ணெய்ப் படிவு, கையால் துளையை மாற்றும் இத்தகைய லென்ஸ்களில் இயக்கத்தைப் பாதிப்பதில்லை.

பூஞ்சை உள்ள லென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

கண்ணாடியின் விளிம்பில் மட்டும், மிகச் சிறிதாக இருந்து, நீங்களே அல்லது தெரிந்த ஒருவர் உடனே திறந்து சுத்தம் செய்ய முடியும் என்றால் வாங்கலாம். நடுப்பகுதியில் இருந்தால் வேண்டாம். பூஞ்சையை நீக்கினாலும் அது அரித்த தடம் பூச்சில் நிலைத்துவிடும். ஈரப்பதமுள்ள இடத்தில் வைத்தால் மீண்டும் வளரவும் கூடும்.

என் கேமராவில் 50 மி.மீ. சட்டகம் மட்டுமே தெரிகிறது. 90 மி.மீ. லென்ஸுக்கு எப்படிச் சட்டகம் அமைப்பது?

கேமராவின் மேலுள்ள துணைக்கருவித் தண்டவாளத்தில் மாட்டும் தனி வியூஃபைண்டர் வேண்டும். லைட்ஸ் நிறுவனத்தின் 90 மி.மீ. ஃபைண்டரில் ஒளிரும் கோடுகள் தெளிவாகத் தெரியும், ஆனால் விலை சில நேரம் லென்ஸின் விலையை நெருங்கிவிடும். 28, 35, 50, 85, 135 மி.மீ. ஆகிய ஐந்து அளவுகளையும் சுழற்றிப் பார்க்கக்கூடிய சோவியத் ஃபைண்டர் அதைவிட மலிவு. லென்ஸின் விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தனி ஃபைண்டரில் இரண்டு வேலைகள்: முதலில் கேமராவின் சாளரத்தில் ஃபோகஸ், பிறகு மேலே சட்டகம். ஃபைண்டர் லென்ஸுக்கு மேலே இருப்பதால் அருகிலுள்ள முகத்தின் உச்சி வெட்டுப்படும். ஃபைண்டரிலுள்ள தூர அளவைத் திருத்துங்கள், அப்படியும் தலைக்கு மேல் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். எம் மவுண்ட் கேமரா வைத்திருப்பவர்கள், அடாப்டர் வாங்கும்போது 28/90 எனக் குறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்கினால் 90 மி.மீ. கோடுகள் தாமாகவே தோன்றும். 85க்கும் 100க்கும் அதையே பயன்படுத்தலாம்.

லென்ஸ் வந்துவிட்டது. ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

ஃபிலிம் போடாத கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் செல்லும் தண்டவாளங்களின்மீது ஒளி ஊடுருவும் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டுங்கள். ஷட்டரை பி நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மூடாத நிலை) திறந்து பிடித்தால் அதில் பிம்பம் விழும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதைப் பாருங்கள். முதலில் வெகுதொலைவிலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ முடிவிலியில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒன்றரை மீட்டரில் செங்குத்தான கோடு ஒன்றை வியூஃபைண்டரில் ஒன்றுபடுத்தி, நாடாவிலும் அது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்புறம் மட்டும் திறக்கும் திருகு லைக்காக்களில் இது முடியாது. அவற்றுக்கு ஃபிலிம் சோதனைதான் வழி.

இறுதித் தீர்ப்பையும் ஃபிலிமே சொல்ல வேண்டும். மேசையில் ஒரே அளவுள்ள பேட்டரிகளைச் சாய்கோட்டில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். நடுவிலுள்ளதில் ஃபோகஸ் செய்து, முழுத்துளையில், முக்காலியில் வைத்து எடுங்கள். எது மிகத் தெளிவாக இருக்கிறது என்பதைக் கொண்டு பிழையின் திசையும் அளவும் தெரிந்துவிடும். இதே சோதனையை 50 மி.மீ. லென்ஸிலும் செய்யுங்கள். அதிலும் அதே திசையில் பிழை இருந்தால் குற்றம் கேமராவுடையது.

முடிவிலியில் சரியாக இருக்கிறது, அருகில் மட்டும் தவறுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

முந்தைய பதிலில் உள்ள சோதனையில் எல்லாத் தூரத்திலும் பிழை ஒரே திசையில் இருந்தால், கண்ணாடித் தொகுதிக்கும் உருளைக்கும் இடையே மெல்லிய உலோக வளையத்தைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்துவிடலாம். ஜுபிட்டர்-9இல் பெரும்பாலும் இதுவே போதும். முடிவிலியில் சரியாக இருந்து, அருகில் வரவர விலகினால், லென்ஸின் நகர்வும் கேமராவின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். திருகுகள் தவறான தொடக்கத்தில் மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது கேமராவின் நெம்புகோல் விலகியிருக்கலாம்.

ஃபெட், ஸோர்க்கி கேமராக்களில் நெம்புகோலின் முனையில் லைக்காவில் உள்ளது போன்ற உருளை இல்லை, ஆப்பு வடிவ மூக்குதான் இருக்கிறது. பின்புறத்தில் முழு வளையம் உள்ள லென்ஸ்களை அது சரியாகப் படிக்கும். சரிவான நாக்கு மட்டும் உள்ள லென்ஸ்களில் தவறக்கூடும். அத்தகைய நேரத்தில், நீங்கள் முகப்படம் எடுக்கும் தூரமான ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் சரியாக இருக்கும்படி அமைத்துவிட்டு, முடிவிலியைத் துளையைச் சுருக்கிச் சமாளிப்பது நடைமுறைக்கு ஏற்ற தீர்வு.

எஃப்/2இல் சரியாக இருக்கும் ஃபோகஸ், எஃப்/4இல் பின்னால் போகிறது. லென்ஸ் பழுதா?

பழுது அல்ல. சோனார் வகை லென்ஸ்களில் கண்ணாடியின் விளிம்பு வழியே வரும் கதிர்களும் நடுவே வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. துளையைச் சுருக்கும்போது விளிம்புக் கதிர்கள் தடுக்கப்படுவதால் குவியம் சற்றுப் பின்னால் நகர்கிறது. எஸ்.எல்.ஆரில் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம், ரேஞ்ச்ஃபைண்டருக்கு அந்த நகர்வு தெரியாது. 50 மி.மீ. எஃப்/1.5 சோனார்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் துளை எதுவோ, அதற்கு ஏற்ப லென்ஸைச் சரிசெய்துகொள்ளுங்கள். எஃப்/5.6க்கு மேல் புலத்தெளிவு ஆழம் பெரும்பாலும் இதை மறைத்துவிடும்.

135 மி.மீ. லென்ஸ்கள் எல்லாவற்றையும்விட மலிவாக இருக்கின்றன. அதையே வாங்கிவிடலாமா?

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. ஹெக்டார் 135 மி.மீ. எஃப்/4.5, ஜுபிட்டர்-11, கேனன் 135 மி.மீ. எஃப்/3.5 ஆகியவை ஒளியியலில் நல்ல லென்ஸ்களே. ஆனால் வியூஃபைண்டரில் 135 மி.மீ. சட்டகம் தபால்தலை அளவில்தான் தெரியும், முகபாவத்தைக் கவனிக்க முடியாது. இரண்டு மீட்டரில் எஃப்/4இல் கிடைக்கும் ஆழமும் ஐந்து சென்டிமீட்டர் அளவே. எம்3 அல்லது நீண்ட அடித்தளமுள்ள கேமரா வைத்திருப்பவர், வெளிப்புறத்தில் எஃப்/5.6இல் எடுப்பதாக இருந்தால் வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

புதிதாக வரும் 75 மி.மீ. எஃப்/1.25 போன்ற சீன லென்ஸ்கள் மலிவாக இருக்கின்றனவே?

7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் ஆகிய நிறுவனங்கள் எம் மவுண்டில் அத்தகைய லென்ஸ்களைத் தருகின்றன. அவற்றைத் திருகு மவுண்ட் கேமராவில் மாட்ட முடியாது. எம் கேமராவில் மாட்டினாலும், ஒன்றரை மீட்டரில் எஃப்/1.25இல் ஆழம் மூன்று சென்டிமீட்டரே. திரையில் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய டிஜிட்டல் கேமராவில் அது விளையாடத்தக்கது. பல பத்தாண்டுகள் பழைய ரேஞ்ச்ஃபைண்டரில், ஃபிலிமில், ஒரு சுருளில் எத்தனை படங்கள் தேறும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் சோதித்துச் சரிசெய்துவிட்டேன். ஆனாலும் கண்ணில் ஃபோகஸ் செய்தால் காது தெளிவாக வருகிறது. ஏன்?

நீங்கள் கேமராவைத் திருப்பும் விதம் காரணமாக இருக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரின் ஒளிப்பகுதி சட்டகத்தின் நடுவில் மட்டுமே இருக்கிறது. கண்ணை அதில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண் சட்டகத்தின் மேற்பகுதிக்கு வரும்படி கேமராவைக் கீழே சாய்க்கும்போது, தெளிவின் தளமும் கேமராவோடு சேர்ந்து சாய்கிறது. ஒன்றரை மீட்டரில் கண் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே இருந்தால், தளம் கண்ணுக்கு ஏழு மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் சென்றுவிடும். எஃப்/4இல் அது பொருட்டல்ல. எஃப்/2இல் கண்ணுக்குப் பின்னால் கிடைப்பதே இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால், சிறு தள்ளாட்டமும் சேர்ந்தால் தெளிவு காதை நோக்கி நகர்ந்துவிடும். ஒரு மீட்டரில் 50 மி.மீ. லென்ஸோடு எடுக்கும்போது இந்தப் பிழை இன்னும் பெரிது: கண் 20 செ.மீ. மேலே இருந்தால் இரண்டு சென்டிமீட்டர்.

கேமராவைச் சாய்க்காமல், முழங்காலை மடக்கி உடலோடு சேர்த்துக் கேமராவை நேராகக் கீழே இறக்குங்கள். ஃபோகஸ் செய்யும்போது கருவிழியைக் குறிவைக்காமல், கீழ் இமையின் விளிம்பையோ மூக்குக்கண்ணாடி அணிந்தவரானால் அதன் சட்டத்தையோ பிடியுங்கள். இரட்டைப் பிம்பம் ஒன்றாவது கூர்மையான கோட்டில்தான் எளிதாகத் தெரியும். ஒன்றானதும் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் உடனே ஷட்டரை அழுத்திவிடுங்கள். எதிரில் இருப்பவரும் அசைகிறார், நீங்களும் அசைகிறீர்கள், ஆகவே ஃபோகஸுக்கும் ஷட்டருக்கும் இடையிலான நேரத்தைக் குறைப்பது எந்த லென்ஸிலும் பலன் தரும்.